அரண்மனைச் செங்கல்

ஏழு மலைக்கு அப்பால் தென்னம்பரம் என்றொரு நாடு இருந்தது. மழை பெய்தது, நெல் விளைந்தது, ராஜாவுக்குத்தான் பொழுது போகவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒருநாள் அரண்மனைச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவிச் சபையில் வைத்தார். குடிகள் எல்லோரும் வந்து அதன்மேல் மணிக்கட்டை வைத்துக் காட்டவேண்டும். செங்கல்லைவிட வெளுத்தவர் மேல்நிறத்தார், ஆற்றுக்கு வடக்கே இருக்கலாம். கறுத்தவர் கீழ்நிறத்தார், தெற்கே போய்விட வேண்டும். இது பிரிவினை அல்ல, ஒழுங்கு என்று மந்திரி விளக்கினார்.

நாற்று நடும் வடிவாளுக்கு ஒரே மகள், பெயர் நங்கை. அன்று அவளுக்கு ஏழு வயது நிறைந்தது. பிறந்தநாளாயிற்றே என்று மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி அழைத்துப்போனாள் அந்த வெள்ளந்தி. தாயின் கை செங்கல்லைவிடக் கறுப்பு. மஞ்சள் ஏறிய மகளின் கை வெளுப்பு. அதிகாரி இரண்டு ஏடுகளில் எழுதிக்கொண்டார்.

"ஐயா, அது மஞ்சளுங்க. தண்ணி ஊத்தினா போயிடும்."

"மஞ்சள் போகலாம், எழுதினது போகாது. செங்கல்லைச் சந்தேகப்பட்டா ராஜாவையே சந்தேகப்பட்ட மாதிரி."

நங்கையை வடகரையில் பிள்ளையில்லாத ஒரு வீட்டில் சேர்த்தார்கள். அவள் தினமும் கரையில் நின்று "அம்மா" என்று கத்தினாள். பெற்ற வயிறு கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? தெற்கிலிருந்து இவளும் பதிலுக்குக் கத்தினாள். சபை மூன்று நாள் யோசித்து, உறவுச்சொற்கள் ஆற்றைக் கடக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதன்பின் ஆற்றின் நடுவே கயிறு கட்டித் தண்ணீரையும் பிரித்தார்கள். மீன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கோடையில் தெற்குப் பாதிதான் முதலில் வற்றியது. கயிற்றைத் தாண்டிக் குடம் நீட்டியவர்கள் சிறையில் செத்தார்கள்.

இருபது வருடம் போயிற்று. புது ராஜா வந்து சட்டங்களை ரத்து செய்தார். அதே மந்திரி கண்ணீர் மல்கப் பேசி, செங்கல்லைத் தன் கையாலேயே உடைத்தார். இனி எல்லோரும் சமம் என்பதன் நினைவாக, வடகரையில் வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அவர்களும் பத்திரமாக மாடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

வடிவாள் மறுநாளே பரிசல் ஏறினாள். சாவதற்குள் ஒருதடவை, ஒரே ஒருதடவை, மகள் வாயால் அம்மா என்று கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினாள். இடுப்பில் குழந்தையோடு நங்கை வந்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வாசல்ல யாரு?" என்றாள் உள்ளிருந்து மாமியார்.

நங்கை இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். இவள்தான் அம்மா என்று தெரிந்தால், நாளைக்கு இந்தப் பிள்ளையை யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்?

"நாத்து நட ஆள் வேணுமான்னு கேக்கறாங்க, அத்தை."

மாமியார் மாடத்துச் செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சட்டம்தான் இல்லையே, அதனால் அதட்டாமல், "எங்க, கையைக் காட்டு" என்று தன்மையாகத்தான் கேட்டாள்.

வடிவாள் மகள் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டை நீட்டினாள். மகளைப் பார்க்கப் போகிறோமே என்று காலையில் அவளும் மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். வழியிலேயே வியர்வையில் அது கரைந்துபோயிருந்தது.