மச்சானுக்கு, நான்காவது பிள்ளை விஷயமாக

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தங்கைக்கு ஏழு மாதம். இரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டி, முந்தாநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கால் வீங்கி அவள் செருப்பு நுழையாமல் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். போனில் அவள் உங்களிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டேன். மூன்றாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிது, இனிமேல் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை நான் பண்ணிக்கொள்கிறேன் என்று உங்கள் முன்னால் மார்தட்டியவன் நான். நீங்களே பேசித் தேதி வாங்கிக் கொடுத்தீர்கள். ஒன்றல்ல, மூன்று தேதி.

முதல் தேதியன்று பாதி வழியில் போகும்போது ஒரு வங்கியில் லிஃப்ட் நின்று மானேஜர் உள்ளே மாட்டிக்கொண்டார், ஊரில் லிஃப்ட் மெக்கானிக் நீ ஒருத்தன்தானா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அப்படித்தான் ஆகிப்போச்சு. இரண்டாவது தேதிக்கு முதலாளி லீவு தரவில்லை. மூன்றாவதுக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை போயும், டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் இங்கே காரியம் கைமீறிவிட்டது.

தையல் கம்பெனியில் பதினோரு வருஷம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார்கள். வாந்தியும் மயக்கமுமாக ஒரு வாரம் போகாததும் அந்த நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. தம்பி தங்கைக்குச் சமைத்துப்போட்டு, தலைவாரி அனுப்பிவிட்டு, அவள் வீட்டிலேயே நின்றுவிடுகிறாள். டீச்சரிடம் வயிற்றுவலி என்றிருக்கிறாள். ஒரு மாதமாக அதே வயிற்றுவலி. வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். நர்ஸம்மா ஊசி போட்டபடியே, "இங்க பாதிப்பேர் இப்ப பிள்ளை வேணாம்னு இருந்தவங்கதாங்க. வேணும்னு வந்தவங்களுக்கும் சேர்த்து இடம் இல்லாமப் போச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மின்விசிறியின் சுவிட்சைப் பார்த்தேன்.

காலையில் டாக்டரம்மா, அழுத்தம் இறங்காவிட்டால் இன்றைக்கே குழந்தையை எடுத்தாக வேண்டும், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் போட்ட கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆகவே மச்சான், சூழ்நிலை செய்த குற்றத்துக்கு என்னைக் கோபிக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

பின்குறிப்பு: சாயங்காலம் எழுதுகிறேன். மத்தியானம் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒரு கிலோ முந்நூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் தங்கைக்கு அழுத்தம் இறங்குகிறது. கண் விழித்ததும் உங்களுக்கு எழுதினேனா என்று கேட்டாள். மேலே உள்ளதைப் படித்துக் காட்டினேன். பாதியில் என் கையைப் பிடித்து, "நிஜத்தை எழுதுங்க" என்றாள்.

எழுதுகிறேன். எந்த மானேஜரும் மாட்டிக்கொள்ளவில்லை. மூன்று முறையும் லீவு கிடைத்தது. டாக்டரும் இருந்தார். முதல் தேதியில் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில் நானே அதை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உள்ளே நின்றேன். மற்ற இரண்டு நாளும் எதிரே இருந்த சலூனில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சலூன்காரர் கத்தியை எடுத்ததும் அங்கிருந்தும் எழுந்து வந்துவிட்டேன்.

அவளிடமும் இன்றைக்குத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையை எடுத்த கையோடு அவளுக்கே அந்த ஆபரேஷனையும் முடித்துவிட்டார்களாம். காலையிலேயே சம்மதம் சொல்லியிருக்கிறாள். "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே நான் பண்ணிக்கிட்டிருப்பேனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடனே புறப்பட்டு வாருங்கள். என்னைத் திட்டுவதை மட்டும் மூத்தவள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து வீட்டில் சமையல் நான்தான்.