அந்தோனியாருக்கு வந்த பென்சன் கடிதம்

நோர்பரி,
செவ்வாய்க்கிழமை, பூசை முடிந்து.

மிகுந்த மரியாதைக்குரிய கஸ்பர் அத்தானுக்கு,

தேவமாதாவின் காவலில் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோவும் மெற்றில்டா அக்காவின் பிரஷரும் குறைய இன்றும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். உங்கள் புத்திக்கும் ஒன்று கொளுத்த நினைத்தேன். ஒன்று காணாது என்று விட்டுவிட்டேன்.

பதினேழு வருடமாக நானும் இவருமே பார்த்த கடைக்கு இந்த வருடந்தான் யசோதினியையும், மீன் வெட்டச் செபமாலைமுத்து அண்ணையையும் சம்பளத்துக்கு எடுத்தோம். ஆள் வைத்தால் பென்சன் திட்டமும் வைக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். லைப்ரரியில் அதன் கையேட்டை அச்செடுத்து, அகராதியும் கையுமாக நாற்பத்திரண்டு பக்கத்தையும் நான் வாசித்து முடித்திருந்தேன். ஆனால் இவர், “உமக்கேன் வீண் வேலை? கஸ்பர் அண்ணை எத்தினை கொம்பனிக்குச் செய்து குடுத்தவர்” என்றார். ஹீத்ரோவில் பெட்டி ஏற்றிய கொம்பனியைத் தவிர வேறு கொம்பனியின் வாசலை நீங்கள் மிதித்ததாக அக்காவே சொன்னதில்லை. ஆயினும் ஹவுன்ஸ்லோவிலிருந்து கோட்டும் ரையுமாக வந்தீர்கள். “பெனிற்றா, இது ஆம்பிளையளின்ரை கணக்கு, நீர் போய் ரோல்ஸைப் பொரியும்” என்றீர்கள். பொரித்தேன். ஒன்பது சாப்பிட்டீர்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் சம்பளப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பெயர்களைப் பதிந்தீர்கள். அதில் முதல் வரி எப்போதும் புனித அந்தோனியாருக்கு, ‘அந்தோனி’ என்று மட்டும் எழுதுவேன். செவ்வாய்தோறும் கோயில் காணிக்கை இருபது பவுண். நீங்கள் அதற்கு ஒரு பூச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு, மீன் மேசையில் நின்ற இவரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

“நிர்மலன், இந்த அந்தோனி எப்ப தொடக்கம் இஞ்சை?”

“கடை திறந்த நாளிலையிருந்து எங்களோடைதான் அண்ணை.”

“அவரின்ரை நாள் எப்ப?”

“யூன் பதின்மூண்டு. ஒரு வருசமும் விடாமல் கொண்டாடுறம்.”

அது அவர் மரித்த நாள், அத்தான். பிறந்த ஆண்டை நீங்களே ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது என்று போட்டீர்கள்; இவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நேற்றுத் தபால் வந்தது. அன்புள்ள திரு. அந்தோனிக்கு வாழ்த்துகளாம், அறுபத்தேழு வயதில் ஓய்வு பெறலாமாம், தேசியக் காப்புறுதி இலக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டுமாம்.

புனிதர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பதினேழு வருடமாக அரிசி மூட்டை இறக்கி, கணக்கெழுதி, வற் வரி கட்டுகிற என் பெயர் உங்கள் கண்ணில் படவில்லை. “அப்ப எனக்கு?” என்று இவரிடம் கேட்டேன். “வீட்டுக்காரிக்கு என்னத்துக்குப் பென்சன்? நான் இருக்கிறன்தானே” என்றார். இருக்கிறன் என்கிறவருக்கு இரண்டு வேளை இன்சுலின்.

ஆகவே சனிக்கிழமை வந்து அந்த வரியை அழித்துவிட்டுப் போகவும். அதோடு எங்கள் கணக்கில் கை வைக்கவேண்டாம். ரோல்ஸ் கிடையாது.

உங்கள் இருவரையும் திருக்குடும்பம் காக்க மன்றாடும் மைத்துனி,
பெனிற்றா

பி.கு. (புதன் காலை): வரியை அழிக்க வரவேண்டாம். பென்சன் கந்தோருக்கு நானே போன் எடுத்தேன். இந்த அந்தோனி உங்களிடம் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் நான்தான் என்றேன். அப்படியென்றால் உங்கள் பெயரல்லவா இருக்கவேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். “அவருக்குக் கிழமைக்கு இருநூறு எண்டு கையெழுத்து வைச்சனீங்கள். எனக்கு எண்டால் ஏலாதோ?” கடை திறந்த நாளில் நாங்கள் வைத்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றதால் இவரால் ஏலாது என்று சொல்ல முடியவில்லை. வருகிற கிழமையிலிருந்து எனக்குச் சம்பளம், பென்சனும். காணாமற்போனதை அந்தோனியார் தேடித் தருவார் என்பது தெரியும்; உங்களைப் போன்ற ஆளை வைத்தும் தேடுவார் என்பது இப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரோல்ஸ் பொரிக்கிறேன். எண்ணமாட்டேன்.