ஹாலந்து வழி விசாரிப்பு

தக்கலை வட்டாரத்தில் வி.பி.என். எனப்படும் மறையாக்கம் செய்யப்பட்ட இணையச் சுரங்கத்தை முதன்முதலில் 'பொதுநலனுக்காக'ப் பயன்படுத்திய பெருமை, பம்புசெட் கடை சுயம்புவையே சேரும். ஆண்டு 2014. அதுவரை அவருடைய சேவை வாய்மொழியாக நடந்துவந்தது.

சம்பந்தம் பேசுமுன் விசாரிக்க வரும் வெளியூர்க்காரர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் எதிரே இருப்பது அவர் கடைதான். "நல்ல குடும்பந்தான்" என்பார் சுயம்பு. பிறகு ஒரு பெருமூச்சு. "மத்தபடி நான் ஒண்ணும் சொல்லல." வந்தவர்கள் அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார்கள். அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, பெருமூச்சுதான் விட்டார். நன்றிகெட்ட ஊர் அவருக்குக் 'கலியாணம் முடக்கி' என்று பட்டம் கொடுத்தது. ஒருநாள் கடை ஷட்டரில் சாணியும் பூசியது.

சேவை செய்பவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா? துபாயிலிருந்து திரும்பியிருந்த அனில்குமாரை வரவழைத்தார்.

"மக்கா, கம்ப்யூட்டர்ல நான் என்ன பாக்கேன், ஆருக்கு என்ன அனுப்புகேண்ணு ஒருத்தனுக்கும் தெரியப்பிடாது."

"வி.பி.என். போட்டுரலாம் மாமா. நீங்க இங்க இருந்து ஈமெயில் அனுப்பினா ஹாலந்துல இருந்து வந்ததாட்டு காட்டும்."

சுயம்பு யோசித்தார். "அப்பம் ஹாலந்துக்காரனுக்க கடையில சாணி பூசுவானுவளா?"

"அவ்வளவு தூரம் சாணி கொண்டுபோவ முடியாது மாமா."

அன்று முதல் பெருமூச்சு எழுத்து வடிவம் பெற்று, 'ஊர் நலம் விரும்பி' என்ற பெயரில் சம்பந்த வீடுகளைச் சென்றடைந்தது. சுயம்புவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் நம்பிக்கையான நாலு பேரிடம் மட்டும் சுரங்கத்தின் மகிமையைச் சொல்லி, வெளியே தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். நாலு பேரும் டீயைக் குடித்துவிட்டு நேராக அனில்குமார் வீட்டுக்குப் போனார்கள். ஓணத்துக்குள் தெருவே ஹாலந்தில் குடியேறிவிட்டது.

இந்த நேரத்தில்தான் சுயம்புவின் மகள் ரேஷ்மிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு வரன் அமைந்தது. பையனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் வாய்விட்டே சொன்னாள். இனி விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி. ஊர்வாயில் அகப்பட்டுவிடக்கூடாதே என்று, சுயம்பு கடையைப் பூட்டிவிட்டு பேருந்து நிறுத்தத்திலேயே காவல் இருந்தார். வருகிறவர்களைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போவதாகத் திட்டம்.

யாரும் வரவில்லை. தரகர் கிருஷ்ணமணிதான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அவிய வேண்டாம்ணு சொல்லிட்டாவ. ஈமெயில் ஒண்ணு வந்துச்சாம். 'பொண்ணு தங்கமான பொண்ணு. அப்பாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல'ண்ணு."

சுயம்பு அனில்குமாரிடம் ஓடினார். "அனுப்பினவன் ஆருண்ணு கண்டுபிடி மக்கா."

"ஹாலந்துண்ணுதான் காட்டும் மாமா. ஒருத்தனுக்கும் தெரியப்பிடாதுண்ணு நீங்கதானே சொன்னிய?"

வீட்டுக்கு வந்து, சந்தேகப்பட வேண்டியவர்களை விரல்விட்டு எண்ணினார். ஏசுஅடிமை, மகள் சம்பந்தம் முறிந்தவர். ராஜபாய் டீச்சர், மகன் சம்பந்தம் முறிந்தவர். இரண்டு கை விரலும் போதவில்லை. எல்லாருக்கும் காரணம் இருந்தது. எல்லாருக்கும் ஒரே காரணம்தான்.

"ஆளு ஆருண்ணு மட்டும் தெரியட்டு மக்களே, அவன விடமாட்டேன்" என்றார் மகளிடம்.

ரேஷ்மி அழுது ஓய்ந்திருந்தாள்.

"ஆளு ஆராட்டும் இருக்கட்டும் அப்பா. அவரு எழுதினதுல பொய் எங்க இருக்கு? அத மட்டும் காட்டித்தாங்க."