பட்டியலில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

இந்த வீட்டில் இனி யாரும் வாய்க்கு வந்ததைப் பேச முடியாது, பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மவர் தீர்மானம் செய்தார். 'யாரும்' என்றால் யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் அவர்.

நம்மவர் பம்பு உதிரிபாகக் கிடங்கில் இருப்புப் பொறுப்பாளர். அங்கே வாஷரை ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்து வைத்ததில், ஒரே வாஷர் கம்ப்யூட்டருக்குள் ஏழெட்டு அவதாரம் எடுத்துத் திரிந்துகொண்டிருந்தது. நம்மவர் அதற்கு ஒரு முடிவு கட்டினார். இனி யாரும் தட்டச்சு செய்யக் கூடாது. கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அழுத்தினால் பட்டியல் விழும். அதில் ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். லுக்-அப் ஃபீல்டு என்று அதற்குப் பெயர். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் இன்றுவரை இறங்கவில்லை.

வீட்டுச் சண்டை ஓர் அறையைப் பற்றியது. பின்னறையை நம்மவர் 'ஆபீஸ்' என்று அழைத்துவந்தார். உள்ளே உயிர் போன மானிட்டர்களும், சிக்கல் விழுந்த ஒயர்களும், ஒரு சாய்வு நாற்காலியும் இருந்தன. அவர் மனைவி அம்மணி தையல்காரி. மிஷினை நடைவழியில் போட்டுக்கொண்டு, நம்மவர் குறுக்கே போகும்போதெல்லாம் எழுந்து வழிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கற்றுக்கொள்ள வருகிறோம் என்று நாலைந்து பெண்கள் அவளை நச்சரித்தார்கள். உட்கார வைக்க இடமில்லை.

"ஏங்க, அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க."

"அது என் ஆபீஸ்."

"அங்க என்ன வேலை நடக்குது?"

"யோசனை நடக்குது."

"குறட்டைச் சத்தம்ல கேக்குது?"

"இந்தா பாரு. இந்த வீட்டுக்காக யாரு அதிகமா உழைக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் ரூம்."

"அப்ப இன்னைக்கே காலி பண்ணுங்க."

"வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு மாசம், செஞ்ச வேலையெல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவோம். யாரு பேர்ல அதிகமோ அவங்களுக்கு ரூம். எதிர்வீட்டு ஆடிட்டர் சார் வந்து தீர்ப்பு சொல்லட்டும்."

அம்மணி ஊசியில் நூல் கோத்தபடியே தலையாட்டினாள். அவள் எதிர்த்துப் பேசாததைப் பார்த்தே நம்மவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆடிட்டரை இழுத்துவிட்டதில் ஒரு சுயநலமும் இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்கள். அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்கிறவர் ஆடிட்டர். சங்கக் கூட்டத்தில் மேடையேறி விளக்குவதாக நம்மவர் குளியலறையில் ஒத்திகையே பார்த்துவிட்டார்.

அன்று மாலைக்குள் டேட்டாபேஸ் தயார். 'யார்' என்ற கட்டத்தில் இரண்டே தேர்வுகள்: குடும்பத் தலைவர், மனைவி. 'என்ன வேலை' என்ற கட்டத்தில்தான் நம்மவர் தன் புத்தியைக் காட்டியிருந்தார். ஃபேனை நிறுத்துதல். விளக்கை அணைத்தல். கதவைப் பூட்டுதல். பூட்டியதை இழுத்துப் பார்த்தல். செய்தித்தாளைப் பிரித்தல். பிரித்ததை மடித்தல். கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லுதல். இப்படிப் போய்க்கொண்டே இருந்த பட்டியலின் அடியில் அநாதையாக ஒரு வரி: வீட்டுவேலை. ஒரு வேலையை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதிய முடியும்.

அம்மணி அம்புக்குறியை அழுத்திப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவினதை எங்கங்க போடறது?"

"வீட்டுவேலை."

"துணி துவைச்சது?"

"வீட்டுவேலை."

"சமையல்?"

"அதுவும் வீட்டுவேலைதானே? வீட்டுக்குள்ளதானே செய்யறே?"

"அப்ப ஃபேனை நீங்க என்ன ரோட்டுலயா நிறுத்தறீங்க?"

"அது மின்சார நிர்வாகம். தனிப் பிரிவு."

"நான் புதுசா ஒரு வரி சேக்கலாமா?"

"அடிச்சுப் பாரு, ஏத்துக்காது. பட்டியலை மீறி ஒரு எழுத்து உள்ள போகாது!" நம்மவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். "இதுல இன்னொரு அதிசயம் தெரியுமா? கண்ணுக்குத்தான் இங்க பேரு. உள்ள வெறும் நம்பர். நான் ஒண்ணு, நீ ரெண்டு. பேரெல்லாம் தனியா ஒரு குட்டி அட்டவணையில இருக்கு. நாளைக்கே அதுல ஒண்ணுக்கு நேரா மகாராஜான்னு எழுதினா, நான் செஞ்ச வேலை பூரா மகாராஜா செஞ்சதா மாறிடும். போன வாரம் பதிஞ்சதுகூட!"

"ஒவ்வொண்ணா மாத்த வேண்டாமா?"

"ஒரே இடத்துல மாத்தினா போதும்."

"அடேங்கப்பா! எந்த இடத்துல?"

நம்மவர் காட்டினார். மனைவி வாயைப் பிளந்து கேட்டால் எந்தப் புருஷன் காட்டாமல் இருப்பான்? அவரே இரண்டு தடவை திறந்து, இரண்டு தடவை மூடிக் காட்டினார்.

அந்த மாதம் முழுக்க நம்மவர் உழைத்த உழைப்பு கொஞ்ச நஞ்சமல்ல. நிறுத்துவதற்கென்றே ஃபேனைப் போட்டார். பூட்டை இழுத்த இழுப்பில் தாழ்ப்பாளே ஆட்டம் கண்டது. ஒவ்வொன்றையும் உடனுக்குடன் பதிந்தார். அம்மணியோ அடுப்படியிலிருந்து ஒரு கையைத் துடைத்தபடி வந்து, வீட்டுவேலை என்ற ஒற்றை வரியைத் தொட்டுவிட்டு, மறுபடி அடுப்படிக்கே போனாள். பார்க்க நம்மவருக்கே பாவமாக இருந்தது. ஜெயித்த பிறகு அறையில் ஒரு மூலையை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாமென்று விட்டார்.

தீர்ப்பு நாள் வந்தது. நம்மவர் சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் ஆடிட்டரை அழைத்துவந்தார். வருகிற வழியெல்லாம் ஒரே பேச்சு.

"கோட்டை மாதிரி சார்! யாரும் ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. சங்கத்துக்கும் இதே மாதிரிதான் போடப் போறேன்."

"அதைத்தான் சார் நானும் பாக்கணும்" என்றார் ஆடிட்டர். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

நம்மவர் பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"ஃபேனை நிறுத்தியது, மனைவி. விளக்கை அணைத்தது, மனைவி. பூட்டியது, மனைவி. இழுத்துப் பார்த்தது, மனைவி." பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. "மணி சொன்னதும் அம்மாதானா? பரவாயில்லையே! குடும்பத் தலைவர் பேர்ல ஒரே ஒரு வேலைதான் சார் இருக்கு. ஆனா ஒரு நாள்கூட விட்டுப்போகல. வீட்டுவேலை."

நம்மவர் திரையை எட்டிப் பார்த்தார். நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியாதா? அவர் எதிர்வீட்டு வாசலில் அளந்துகொண்டிருந்த நேரத்தில், குட்டி அட்டவணைக்குள் இரண்டு பெயர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அம்மணியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுல ஏதோ..."

"ஏதோன்னா? யாராச்சும் கை வெச்சிருப்பாங்களா?" ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிக் கை வைக்க முடியும்னா இப்பவே சொல்லிடுங்க. சங்கத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்."

"சொல்லுங்களேன்" என்றாள் அம்மணி. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

ஒரு பக்கம் சாய்வு நாற்காலி, மறுபக்கம் சங்கத்து மேடை. நம்மவர் மேடையைத் தேர்ந்தெடுத்தார்.

"பொய் சொல்லாது."

"அப்ப ரூம் அம்மாவுக்கு" என்று தீர்ப்பளித்துவிட்டு ஆடிட்டர் நம்மவரை ஏற இறங்கப் பார்த்தார். முதல்தடவையாக அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. "வீட்டுவேலைன்னா என்னென்ன சார்?"

நம்மவர் வாயைத் திறப்பதற்குள் அம்மணி முந்திக்கொண்டாள்.

"சமையல், பாத்திரம், துணி, கூட்டிப் பெருக்கறது, எல்லாமே சார். அவ்வளவையும் ஒரே வரியில அடக்கிட்டாரு. தன்னடக்கம்!"

"சமைக்கவும் செய்வீங்களா!"

"இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்ற அம்மணி, தோளில் கிடந்த கைத்துண்டை எடுத்து நம்மவர் தோளில் போட்டாள். "போங்க, சார் பசியோட இருப்பாரு. நான் போய் மிஷினை உள்ள நகத்தறேன்."

ஆடிட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி முழுசாகத் தெரியும். நம்மவர் உள்ளே போனார். அலமாரியில் ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக நின்றன. உப்பு எதில் இருக்கிறது என்று கேட்கக்கூட அவருக்கு வழியில்லை.