சாப்பாட்டு மேஜையைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

செவிலிமேடு, காஞ்சிபுரம்,
ஆனி 28, சனிக்கிழமை,
காலை மணி 10.25

மதிப்புக்குரிய மூத்த மைத்துனர் வீராசாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. வீட்டில் ஐந்து பேரில் நான்கு பேர் நலம். மீதி ஒருவன் நான். ஆற்காட்டில் தாங்களும் அண்ணியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர், உங்கள் தங்கையோ எப்போதும் எனக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறவள். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தாய்வீட்டுச் சீராகத் தாங்கள் அனுப்பிவைத்த தேக்கு சாப்பாட்டு மேஜையை, தயவுசெய்து ஒரு வேன் பிடித்து வந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மேஜையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கீறல் இல்லை, பூச்சி இல்லை. வந்த புதிதில் நான்கு மாதம் அது தங்கமாக இருந்தது. இஸ்திரி போட வேண்டிய துணி, பேத்தியின் புத்தகப் பை, மளிகைக் கடைப் பை என்று எதைப் போட்டாலும் தாங்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. நான் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல எட்டு மணிக்கு, வழக்கம்போல உங்கள் தங்கை பரிமாற, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதி சித்திரை மாதம் பள்ளிக்கூட லீவு விட்ட அன்றைக்குப் போயிற்று.

தங்களுக்குத் தெரியும், மருமகள் பிரியதர்ஷினி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆட்களைச் சேர்க்கிற பிரிவில் இருக்கிறது. நல்ல பெண். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பெனியில் மாதத்துக்கு ஒரு நாள் வேலைக்காரர்களை வட்டமாக உட்காரவைத்து விளையாட்டுக் காட்டுவார்களாம், அதனால் ஒற்றுமை வருமாம். நான் போக்குவரத்துக் கழகத்தில் டி.கே. என்கிற டைம் கீப்பராக முப்பத்தோரு வருஷம் இருந்தேன். அங்கே டிரைவரையும் கண்டக்டரையும் யாரும் வட்டமாக உட்காரவைக்கவில்லை, வண்டி ஓடாமலும் இல்லை. சரி, அது கம்பெனியோடு நிற்கட்டும் என்றால் நிற்கவில்லை. பேத்தி சுகாசினி சாப்பிடும்போது போன் பார்க்கிறாள், மகன் ஆனந்தராஜ் போன் பார்க்கிறான், நானும் அப்படியொன்றும் பார்க்காமல் இல்லை. அதைக் கண்ட மருமகள் ஒரு நாள் சாயந்தரம் துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டு, மேஜையைத் துடைத்து, எவர்சில்வர் தூக்கு ஒன்றை நடுவில் வைத்து, "மாமா, உங்க போனை இதுல போடுங்க"ன்னுச்சு. போட்டேன். "இனிமே ராத்திரி சாப்பாடு எல்லாரும் ஒண்ணா மேஜையில. சாப்பிட்டுக்கினே ஒரு கேம். தோத்தவங்க மேஜையைத் துடைச்சு பாத்திரம் கழுவணும்." விதி அவ்வளவுதான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். இன்னொரு விதி இருந்தது. எல்லாரும் என்றால் எல்லாரும். உங்கள் தங்கை கங்கையம்மாள், "நீங்க ஆடுங்கம்மா, நான் போட்டுட்டு அப்பாலிக்கா சாப்பிடறேன்"னு கரண்டியோட நின்னுது. மருமகள் விடவில்லை. "அத்தை, நீங்க குந்தலைன்னா ஆட்டமே கிடையாது." கையிலிருந்த கரண்டியை வாங்கிக் குழம்பில் போட்டு, உட்காரவைத்துவிட்டது.

மச்சான், அன்றைக்குத்தான் எனக்கு ஒரு உண்மை புரிந்தது. பரிமாறுகிறவளும் உட்கார்ந்துவிட்டால் ரசம் தானாக நடந்து வராது. எழுந்து கை நீட்டி ஊற்றினேன், பாதி தட்டில், பாதி மடியில்.

முதல் ஆட்டம் 'காந்தி ரோட்டுக்குப் போனேன்'. ஒருவர் காந்தி ரோட்டுக்குப் போய் ஒரு சாமான் வாங்கியதாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதையும் சொல்லித் தன் சாமானையும் சேர்க்க வேண்டும். இப்படியே நீண்டுகொண்டு போகும், மறந்தவர் அவுட். எனக்குச் சிரிப்பு வந்தது. நாளுக்கு இருநூறு வண்டியின் நேரத்தை மனசில் வைத்திருந்தவனிடம் ஞாபகசக்தி ஆட்டமா? என் முறை வந்தது. பட்டுப்புடவை, குடை, இட்லித் தட்டு, பூச்சரம், பூட்டு என்று அவர்கள் கண்டபடி சொல்லிவைத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, மூங்கில் மண்டபத்தில் பூட்டு, காந்தி ரோட்டில் புடவை, ரெட்டை மண்டபத்தில் குடை, பூக்கடைச்சத்திரத்தில் பூ என்று ஸ்டாப் வாரியாக ஒன்று விடாமல் சொன்னேன். "தாத்தா அவுட்! வரிசை மாறிடுச்சு!" என்றாள் பேத்தி. "ஏம்மா, பூக்கடைச்சத்திரம் போனவன் பூட்டு வாங்க மறுபடியும் மூங்கில் மண்டபம் வருவானா? எந்த வண்டிம்மா அப்பிடிப் போவுது?" என்று கேட்டேன். உங்கள் தங்கை மட்டும் இருபத்து மூன்று சாமானையும் வரிசை பிசகாமல் சொல்லி, பேத்தி கேட்டாள் என்று தலைகீழாகவும் சொல்லிக் காட்டினாள். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷமாக எல்லாரும் அவளைத்தானே கேட்கிறோம், ஜெயிக்காமல் என்ன செய்வாள். நான் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் புடவைக் கலர் சொல்லும் ஆட்டம். உங்கள் தங்கை வீட்டிலிருந்தபடி கடைக்காரர்களுக்கு முந்தானைக் குஞ்சம் முடிந்து கொடுக்கிறவள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம், வெங்காயத்தோல், மானிறம், கிளிப்பச்சை என்று அவள் போய்க்கொண்டே இருக்க, நான் சிவப்புக்கும் பச்சைக்கும் அப்புறம் 'பஸ் கலர்' என்றேன். பாத்திரம். அதற்கடுத்த நாள் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாத ஆட்டம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முக்கால்வாசி சாப்பாட்டை முடித்துவிட்டேன். ஜெயித்துவிடுவேன் என்று எனக்கே தோன்றியது. மோர் ஊற்றிக்கொண்டே உங்கள் தங்கை சாதாரணமாக, "ஏங்க, ஒன்பது மணிக்கு மேல உத்திரமேரூருக்கு வண்டி இருக்குதா?" என்றாள். முப்பத்தோரு வருஷத்து வாய் மச்சான், கேட்டதும் திறந்துகொண்டது. பாத்திரம்.

நெற்றியில் சீட்டு ஒட்டும் ஆட்டத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் என் நிலைமை தங்களுக்கு விளங்காது. நம் நெற்றியில் இருக்கிற பேர் நமக்குத் தெரியாது, கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். நான் கேட்டேன், "நான் மனுஷனா?" இல்லையாம். "காஞ்சிபுரமா?" ஆமாம். "ஜனங்க என்னைப் பார்க்க வருவாங்களா?" "க்யூவுல நிப்பாங்க தாத்தா." "கும்பிடுவாங்களா?" "தொட்டுட்டுப் போவாங்க." கோயில் யானை என்றேன், தப்பு. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பென்ஷனர் சங்கச் செயலாளர் ராமராஜன் கூட்ட அழைப்போடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார், என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து சீட்டை எடுத்துப் பார்த்தால், வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பதினோரு பேர் வரிசையில் வந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "தோஷமெல்லாம் போச்சு டி.கே. சார்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் அரைமணி நேரம் நடக்கவில்லை. இன்றைக்கும் பால் வாங்கப் போனால் யாராவது தோளைத் தொடுகிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அறுபத்து நான்கு வயதில் அசதியாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று 'மூன்றில் ஒன்று பொய்' என்கிற ஆட்டம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் தங்கை முறை வந்தது. கை கழுவப் போகிறவளைப் போல முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு, எனக்குக் கத்திரிக்காய்னா உசிரு. ரெண்டு, கண்ணாலம் ஆயி வந்ததிலேருந்து இந்த மேஜையில குந்தற வரைக்கும் நான் ராத்திரியில சுடுசோறு துன்னதில்ல. மூணு, அஞ்சாங்கிளாஸ்ல ஓட்டப்பந்தயத்துல மொதல்ல வந்து டம்ளர் வாங்கினேன்."

எனக்கு ஒரே குஷி. கடைசியில் ஒரு ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டமாக வந்தது. முப்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவன் நான்தானே? யாரையும் பேசவிடாமல், "ரெண்டாவது பொய்! சோறு வடிக்கிறவளே நீ, உனக்கு சுடுசோறு கெடைக்காதா?" என்று சத்தம் போட்டேன். மற்ற மூன்று பேரும் கத்திரிக்காய் என்றார்கள். ஒன்பது வயசுப் பேத்திகூடக் கத்திரிக்காய் என்றாள். உங்கள் தங்கை சிரித்துக்கொண்டே, "கத்திரிக்காய்தாங்க பொய். எனக்கு அது தொண்டையில எறங்காது" என்றாள். வாரத்தில் மூன்று நாள் கத்திரிக்காய் மச்சான். எனக்குப் பிடிக்கும் என்று. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அப்படியானால் இரண்டாவது நிஜம். மகன் முகத்தைப் பார்த்தேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் மெதுவாக, "அது எங்க எல்லாருக்கும் தெரியும் மாமா. அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டது.

நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு வந்தாலும் எனக்காகச் சோற்றைச் சூடு பண்ணிக் காத்திருந்து போடுவாள். நான் கை கழுவிப் படுத்துவிடுவேன். அதற்கப்புறம் அவள் சாப்பிட்டாளா, எதைச் சாப்பிட்டாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்? உத்திரமேரூர் கடைசி வண்டி நாலு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டால் நோட்டில் எழுதிவைத்தவன் நான். இதை நான் பார்க்கக்கூட இல்லை. மறுநாள் காலையில் அவள் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க கேக்கல. சுகாசினி பாப்பா கேட்டா, சொன்னேன்" என்றாள். "கோவமா?" "கோவம் இன்னாத்துக்கு? ஆட்டத்துல சொன்னதைப் போயி... எழுந்து போய்க் குளிங்க, தண்ணி ஆறுது." அவ்வளவுதான் பேச்சு.

அன்று ராத்திரியும் கத்திரிக்காய் குழம்புதான் வைத்திருந்தாள். எனக்காகத்தான். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஆவி பறக்கிற சோறு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான், எதிரே அவள் முகம் தெரிகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அவள் கையும் கரண்டியும்தான் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், இந்த மேஜையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மேஜை போனால் ஆட்டம் போகும், நான் பழையபடி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வேன் வந்தால் உத்தமம். காரணம் கேட்டால் கதவில் இடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அண்ணியாருக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சோறும் படிப்பும் நிறைந்து இருக்கட்டும். இக்கடிதம் கண்டதும் கிழித்துவிட வேண்டியது.

தங்கள் அன்புள்ள,
மு. தணிகாசலம்
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு, மணி 11.50: வேன்காரருக்கு உதவுமே என்று மேஜையை அளந்து எழுதலாமென டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். நீளம் ஐந்தரை அடி, அகலம் மூன்று. நாற்காலி நான்கு. மறுபடியும் எண்ணினேன், நான்குதான். ஆற்காட்டுக் கடையில் நின்று "நாலு போதும்" என்று சொன்னவன் நான், தலையாட்டியவர் தாங்கள். உங்கள் தங்கைக்கு வந்த தாய்வீட்டுச் சீர், அதில் அவளுக்கு நாற்காலி இல்லை, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தனை நாளாக அவள் பரண் ஏறுகிற ஸ்டூலில் உட்கார்ந்துதான் எங்களையெல்லாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்யவும். வேன் வர வேண்டும், ஆனால் எடுத்துப்போக இல்லை. அதே கடையில், அதே தேக்கில் இன்னும் ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டும். அதுவரை என் நாற்காலி அவளுக்கு, ஸ்டூல் எனக்கு. இப்போதுதான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கால் குட்டை. நேராக உட்காரவே முடியவில்லை. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சீக்கிரம் அனுப்பவும்.