நெஸ்டர் போடாத கூடை

எனக்கு ஒரு வியாதி இருந்தது. கையில் மைக்கைக் கொடுத்தால் உண்மை போதாமல் போய்விடும். நாற்பது பேர் வந்த கூட்டத்தை நானூறு பேர் என்பேன். மூன்றாம் பரிசு வாங்கிய பிள்ளையை முதலாம் பரிசுக்காரி ஆக்கி, அவளுடைய தாயையே திகைக்க வைத்திருக்கிறேன். இந்த வியாதியைக் குணப்படுத்தியவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். மருந்து நேராக மூக்கில் விழுந்தது.

கைத்தொலைபேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம். பிரெஞ்சு பேசும் குளிர்தேசத்தில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், நான் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து அடுக்கியவர் நெஸ்டர். ஐந்தரை அடி உயரம். அவர் மணிலாவில் ஒன்பது வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடியவர் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது எனக்குப் புட்டு விக்கியது. (நான் ஆறடி. என் விளையாட்டு வாழ்க்கை பள்ளிக்கூடத்து நீளம் பாய்தலில் கால் சுளுக்கியதோடு முடிந்தது.)

அவர் விளையாடிய இடத்துக்குப் பெயர் பொயிண்ட் கார்ட். எதிரணிக்காரருக்கு நடுவால் பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்கு வசதியோ அவர் கையில் கொடுத்துவிடுவது வேலை. கூடை போடுவது பெரும்பாலும் மற்றவர்கள்.

"அப்படியென்றால் உங்களுக்கு என்ன மிச்சம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் பொரித்த மீனில் பாதியை என் பெட்டிக்குள் வைத்தார்.

நெஸ்டரோடு நான் ஒட்டிக்கொண்டதில் கொஞ்சம் சுயநலமும் இருந்தது. நான் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். பனி விழத் தொடங்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட இடமே கிடையாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் உள் நடைவழியில் பந்தடித்து, கட்டடக் காவலரிடம் பிரெஞ்சில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாடசாலை ஜிம்மை சனிக்கிழமை முழுவதும் பிலிப்பைன்ஸ்காரர் சங்கம் எடுத்து வைத்திருந்தது. அந்தச் சங்கத்தில் நெஸ்டர் வைத்ததுதான் சட்டம். எங்களுக்குத் தேவை காலையில் இரண்டே மணித்தியாலம்.

எங்கள் தலைவர் குணம் அண்ணை ஒரே நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார்.

"தம்பி, ஆளைப் பரிசளிப்புக்குப் பிரதம விருந்தினராக் கூப்பிடுவம். பொன்னாடை போர்த்திப்போட்டு ஜிம்மைக் கேட்டா, மாட்டன் எண்டு சொல்ல ஆருக்கு வாய் வரும்?"

அறிமுக உரை என் பொறுப்பு. விபரம் கேட்டதும் நெஸ்டர் ஒரு பார்சல் சீட்டின் பின்பக்கத்தில் தன் முழு வாழ்க்கையையும் எழுதித் தந்தார். மூன்று அணிகள். முதலாவதில் ஆட இறக்காமல் இரண்டு வருடம் வாங்கில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இரண்டாவது அணி, முழங்கால் பழுதானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மூன்றாவது அணி இறுதிப் போட்டிக்குப் போனது. ஒரு புள்ளி பின்னால். கடைசி நொடிகள். பந்து நெஸ்டரிடம். இரண்டு பேர் அவரை மறித்தார்கள். மூலையில் நின்ற பெர்டிங்கிடம் பந்தைக் கொடுத்தார், பெர்டிங் போட்டார், வென்றார்கள். கீழே கோடு போட்டு, "என் வாழ்க்கையின் மிக நல்ல பந்து" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரி எனக்கு உதைத்தது. பொன்னாடை போர்த்தப்போகிற மனிதரைப் பற்றி, "கடைசி நேரத்தில் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்" என்று சபையில் சொல்வதா? பயந்துவிட்டார் என்றல்லவா நினைப்பார்கள்? ஆகவே ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். பெர்டிங்கை நீக்கினேன். மறித்த இரண்டு பேரை நான்கு பேராக்கினேன். நெஸ்டரை அவர்கள் தலைக்கு மேலால் பாயவிட்டு, கூடையையும் அவர் கையாலேயே போட வைத்தேன். உரை தமிழில்தானே, அவருக்கு எங்கே விளங்கப்போகிறது?

பரிசளிப்பு ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. வருடத்தில் ஒரு நாள்தான் அது எங்களுக்குக் கிடைக்கும். சுவரில் ஒரு பழைய கூடை வளையம் இருந்தது. நெஸ்டர் கோட்டு சூட்டோடு வந்தார். லவாலிலிருந்து காரோட்டி வந்த நெட்டை நண்பர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். நான் பொன்னாடைத் தட்டோடு ஓடித் திரிந்ததில் அவருடைய பெயரைக் காதில் வாங்கவில்லை. விருந்தினர்கள் சும்மா இருந்து அலுக்கக்கூடாது என்று, குணம் அண்ணை என் மனைவி சுமதியை அவர்களுக்கு நடுவில் இருத்தி, என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லியிருந்தார். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் முழங்கினேன். முன்வரிசையில் சுமதி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஏதோ சொல்வது தெரிந்தது. புருஷனைப் புகழ்கிறாளாக்கும் என்று இன்னும் உரக்கப் பேசினேன். நெஸ்டர் தலையைக் குனிந்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நெட்டையர் சுமதியிடம் ஏதோ திருப்பிக் கேட்டார். அவள் கைகளை உயர்த்தி, நான்கு தலைக்கு மேலால் பாய்வதை நடித்தே காட்டினாள். அந்த மனிதரின் முகம் செத்துப்போனது.

கைதட்டல். பொன்னாடை. பிறகு நெஸ்டர் மைக்கை வாங்கினார். ஒவ்வொரு வசனத்தையும் சுமதி தமிழாக்கினாள்.

"எல்லாருக்கும் நன்றியாம். அந்தக் கூடையைத் தான் போடேல்லையாம். போட்டவர் இந்தா இவராம். பேர் பெர்டிங்."

நெஸ்டர் இறங்கிப் போய்த் தன் பொன்னாடையை எடுத்தார். பெர்டிங் முழங்கால் மடித்துக் குனிந்த பிறகுதான் அவருக்குத் தோள் எட்டியது. போர்த்திவிட்டார்.

"என்ன தம்பி, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?" என்று குணம் அண்ணை என் காதுக்குள் சொன்னதை, அணைக்க மறந்திருந்த இரண்டாவது மைக் மண்டபம் முழுவதற்கும் சொன்னது.

அதற்குள் பிள்ளைகள் பந்தோடு வந்துவிட்டார்கள். நெஸ்டர் கதிரைகளுக்கு நடுவால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, திரும்பியே பாராமல் பெர்டிங்கிடம் எறிந்தார். பெர்டிங் பொன்னாடையோடு எழும்பிக் கூடை போட்டார். மண்டபம் அதிர்ந்தது. தப்பினேன் என்று நானும் கை தட்டினேன். அடுத்த பந்து எனக்கு வந்தது. நெஸ்டர் சுமதியின் பக்கம் பார்த்தபடி எறிந்ததால் நான் எதிர்பார்க்கவில்லை. என் மூக்கு அதை வாங்கியது, நான் பரிசு மேசையில் உட்கார்ந்தேன், இருபத்துமூன்று வெற்றிக் கிண்ணங்கள் மண்டபமெங்கும் உருண்டன.

சமையலறையில் மூக்கில் பஞ்சோடு இருந்தபோது சுமதியிடம் சீறினேன். "ஏனப்பா எல்லாத்தையும் சொன்னனீர்?"

"நீங்கள் சொன்னதைத்தானே நான் சொன்னனான்!"

நெஸ்டர் பெர்டிங்கையும் கூட்டிக்கொண்டு வந்து ஐஸ் பை தந்தார். "நீ எனக்கு ஒரு கூடை தந்தாய். அதை இவனிடமிருந்து எடுத்துத் தந்தாய்" என்றார். "இவன் அந்த அணியில் ஒரு வருடம்தான் இருந்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல இவனிடம் இருப்பது அந்த ஒரு கூடைதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொடுத்தவரைச் சின்னவர் என்று நினைத்து, போட்டவரையும் இல்லாமல் செய்திருக்கிறேன். எழுந்து பெர்டிங்கின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஜிம்?" என்றார் குணம் அண்ணை, கதவுக்குப் பின்னாலிருந்து.

நெஸ்டர் இரண்டு மணித்தியாலம் தந்தார். ஒரு நிபந்தனை. பனி உருகும்வரை ஒவ்வொரு சனியும் நானும் வந்து பிள்ளைகளோடு விளையாட வேண்டும். பந்து கிடைத்தால் கொடுக்கலாம், கூடைக்கு எறியக்கூடாது. ("எறிஞ்சா மட்டும் விழப்போகுதோ?" என்றாள் சுமதி.) அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு கூடைகூடப் போடவில்லை. இதில் மிகைப்படுத்தல் இல்லை.

இன்றும் விருந்தாளிகள் முன்னால், "இண்டைக்கு மீன்குழம்பு வைச்சது நான்" என்று தொடங்கினால், சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வரும்: "பெர்டிங் எங்கை?" பிள்ளைகள் மேசையில் தட்டுவார்கள். நான் எழும்பி, மேசைத் துணியை எடுத்துச் சுமதியின் தோளில் போர்த்திவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் அது.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, தலைப்புத்தான் சரியில்லை என்று மாற்றித் தந்தாள். மேசைத் துணி தோய்க்கப் போட்டிருக்கிறது. காய்ந்ததும் போர்த்திவிடுகிறேன்.