மேலேயிருந்து வந்தது, கீழே போனது

ஹிந்திப் பரீட்சைகளை வரிசையாக எழுதிப் பாஸ் செய்தவர்களை நம்பி நாட்டின் பாதுகாப்பை ஒப்படைக்கக் கூடாது. பொறாமையில் சொல்லவில்லை. அப்படி ஒப்படைக்கப்பட்டவளே நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஹிந்தி டீச்சர். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன் (சாமி படங்கள் சமையலறைக்குக் குடிபோய்விட்டன). ஒருநாள் காலை தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்து, "அரும்பாவூர் பக்கம் வானத்துல என்னமோ பறந்துச்சாம். விசாரிக்க விமானப்படையில இருந்து வந்திருக்காங்க. ஹிந்தி தெரிஞ்ச ஆள் வேணுமாம். போயிட்டு வாங்கம்மா" என்றார்.

நாடு என்னை அழைத்துவிட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொள்ள மட்டும் நாட்டை அரை மணி நேரம் காக்க வைத்தேன்.

விஷயம் இதுதான். மூன்று நாளுக்கு முன் பொழுது சாய்ந்த நேரத்தில் வானத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் போயிருக்கிறது. யாரோ கை நடுங்க எடுத்த பத்து வினாடி வீடியோ, 'பறக்கும் தட்டு' என்ற பெயரோடு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றி, பார்க்கக் கூடாதவர்கள் கண்ணிலும் பட்டுவிட்டது. வெளிச்சத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்த ஒரே ஆள் செல்லம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பச்சைமலை அடிவாரத்து ஊரில் இரண்டு ஏக்கர் கொல்லை (அங்கே புன்செய்க்கு அதுதான் பெயர்). மக்காச்சோளம் முற்றி நின்றது. அடுத்த வாரம் கதிர் ஒடிக்க ஆள் சொல்லியிருந்தார்.

ஊராட்சி ஆபீஸில் விமானப்படை அதிகாரியும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கூடவே ஊர் வி.ஏ.ஓ. அதிகாரி என்னிடம், "ஆங்கிலத்தில் சொன்னாலே போதும்" என்றார். நான் விடவில்லை. இத்தனை பரீட்சை எழுதியது எதற்கு? "ஹிந்தியிலேயே சொல்கிறேன்" என்று சுத்தமான ஹிந்தியில் சொன்னேன். வி.ஏ.ஓ. என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. (அவருக்கு ஆங்கிலம் தெரியும், ஹிந்தி தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

செல்லம்மா சொன்னார்: "மேலேருந்து வந்துச்சுங்க. சத்தமே இல்ல. நேரா கீழ போச்சு. எங்க கொல்ல பக்கம் போயி, அப்படியே அணஞ்சிருச்சு."

மொழிபெயர்த்தேன். உச்சியிலிருந்து வந்தது, நேராகக் கீழே இறங்கியது, இவருடைய நிலத்தில் அணைந்தது.

"எவ்வளவு நேரம்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரந்தாங்க."

அதையும் சொல்லுக்குச் சொல் மாற்றினேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தி, "மாடு எதற்காகத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். இங்கே அது வழக்கம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் என்னை நேராகப் பார்த்து, "கீழே விழுந்ததா? நிச்சயமாக?" என்றார்.

"நிச்சயமாக" என்றேன். ஹிந்தியில் அந்தச் சொல்லின் உச்சரிப்பு எனக்கு நன்றாக வரும்.

அவர் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். மூன்று மணிக்கு இரண்டு லாரி வந்தது. முப்பது ஜவான்கள் இறங்கி, கொல்லையின் ஓரத்தில் தோளோடு தோள் நின்றார்கள். என் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு லாரியா என்று எனக்குப் புல்லரித்தது.

செல்லம்மா ஓடி வந்தார். "என்னா டீச்சர், எதுக்கு எங் கொல்லைல எறங்குறாங்க?"

"தேடப் போறாங்கம்மா. பயிரைச் சாய்ச்சாத்தான் தேட முடியுமாம்."

"எதத் தேடப் போறாங்க?"

"நீங்க பார்த்தது விழுந்துச்சுல்ல, அதைத்தான்."

"வுழுந்துச்சா? யாரு சொன்னா?"

"நீங்கதானே கீழ போச்சுன்னு..."

"ஆமா, கீழதான் போச்சு. வுழுவலயே!"

கீழே போகும், ஆனால் விழாது என்றால் என்ன அர்த்தம்? இந்தம்மா பயிரைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அதற்குள் முதல் வரிசைத் தட்டைகள் மடமடவென்று சாய ஆரம்பித்தன. செல்லம்மா ஜவான்களுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். "நாலு மாசமா காட்டுப்பன்னிகிட்ட இருந்து காப்பாத்தி வச்சிருக்கேங்க. ஒரு வாரத்துல ஒடிச்சிருவேன். கும்புடுறேன், மிதிக்காதீங்க." பட்டுப்புடவையில் நின்றிருந்த எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அதிகாரி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அவருக்கு மொழி தேவைப்படவில்லை. வானத்தைக் காட்டி, "நீங்களே காட்டுங்கள்" என்று சைகை செய்தார்.

செல்லம்மா கையை மேற்கே பச்சைமலை உச்சிக்கு நீட்டினார். அங்கிருந்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுவந்து, கிழக்கே கொல்லையோரப் பனைமரங்கள் வரைக்கும் கொண்டுபோனார். விழவே இல்லை. வானத்தைக் குறுக்காகக் கடந்து போயிருக்கிறது.

வி.ஏ.ஓ. தொண்டையைக் கனைத்தார். "சார்... மேல, வெஸ்ட் சார். கீழ, ஈஸ்ட் சார்." நான் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஆபீஸிலேயே திருத்தியிருப்பார்.

நான் பிறந்து வளர்ந்தது மேலத் தெருவில். மேட்டில் இருப்பதால் அந்தப் பெயர் என்று இருபத்து நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான் (தெருவில் மேடே கிடையாது, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்). அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன், எந்தத் திசையாக இருந்தாலும்.

அதிகாரி திட்டவில்லை. போனில் எதையோ தட்டிப் பார்த்தார். சிரித்தார். சாய்ந்த வரிசையைக் காட்டிச் செல்லம்மாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஜவான்கள் கொல்லையை விட்டு வெளியே வந்தார்கள். "இன்று மாலை ஆறு இருபத்தேழுக்கு மறுபடியும் வரும். இருந்து பார்ப்போம்" என்றார் ஆங்கிலத்தில். இந்த முறை வி.ஏ.ஓ. மொழிபெயர்த்தார்.

எல்லோரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தோம். செல்லம்மா வறுத்த கடலை கொண்டுவந்து, தன் பயிரைச் சாய்த்தவர்களுக்கே கொடுத்தார்.

சொன்ன நேரத்துக்கு வந்தது. மலை விளிம்பிலிருந்து ஒரு வெளிச்சம் எழும்பியது. சிமிட்டவில்லை, இரையவில்லை. எந்த நட்சத்திரத்தையும்விடப் பிரகாசமாக எங்கள் தலைக்கு மேலே நிதானமாக நகர்ந்தது. ஒரு கடலை உரிக்கும் சத்தம்கூட இல்லை. துப்பாக்கி பிடிக்கிற முப்பது பேரும் வாயைத் திறந்து அண்ணாந்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பனைமரங்களுக்கு மேலே போனதும், யாரோ திரியைக் குறைத்த மாதிரி மங்கி அணைந்தது. செல்லம்மா ஒரு எழுத்துகூடத் தப்பாகச் சொல்லியிருக்கவில்லை.

"விண்வெளி நிலையம். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார் அதிகாரி.

"ஆளா!" செல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவங்களுக்கு அங்க மேல எது, கீழ எதுங்க?"

நான் பயந்துபோய், "எந்த மேலம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான்."

வி.ஏ.ஓ. கேட்டுச் சொல்ல, அதிகாரி பதில் சொன்னார்: அங்கே மேலும் கிடையாது, கீழும் கிடையாது. மிதப்பார்கள். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும்.

செல்லம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த டீச்சர அங்க வேலைக்கு அனுப்பி வைங்க சார். அங்கதான் இவங்க சொல்றது சரியா இருக்கும்" என்றார்.

வி.ஏ.ஓ. அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். முப்பது பேரும் சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பியது.

மறுநாளே சாமி படங்கள் கூடத்துக்குத் திரும்பின. இன்று எனக்குக் கல்யாணமாகி ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். சாவி மேலே இருக்கிறது என்று நான் சொன்னால், அவளும் அவள் அப்பாவும் சேர்ந்தே கேட்பார்கள்: "பரணா, பச்சைமலையா?"

செல்லம்மா மட்டும் கேலி செய்வதில்லை. அவர் போனில் விண்வெளி நிலையம் வரும் நேரங்களை யாரோ ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவார். "டீச்சர், இன்னைக்கு ஆறரைக்கு வருது. மேலேருந்து."

நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, மேற்கே திரும்பி நிற்பேன். எந்த மேலே என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. இரண்டு மேலேயும் பார்த்துவிடுகிறேன்.